ஜாகீர் கான் தீர்ப்பும் கல்லூரி பீரோவில் இருக்கும் டி.சி.யும்

குன்றத்தூரில் எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் ஒரு பொண்ணு இருக்கிறாள். நல்ல வாலிபால் ஆட்டக்காரி. பிளஸ் டூ முடித்ததும் ஒரு தனியார் கல்லூரி கூப்பிட்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கொடுத்தது. கட்டணம் இல்லை, விடுதி, சாப்பாடு இலவசம். சேரும்போது முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி: மூன்று வருடமும் இந்தக் கல்லூரிக்கே ஆடுவேன், நடுவில் போனால் செலவு முழுவதையும் கட்டுவேன். அவளும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது அவளுக்கு வயது 17. அசல் சான்றிதழ்களை அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது.

ஒரு வருடம் கழித்து வேறொரு கல்லூரி மாதம் கைச்செலவுக்கும் பணம் தருவதாகச் சொன்னது. இவள் போக நினைத்தாள். "பணத்தைக் கட்டிட்டு டி.சி.யை வாங்கிக்கோ" என்றார்கள். அவளுடைய அப்பா என்னிடம் வந்து, "சார், நீங்க சட்டம் எல்லாம் படிச்சு எழுதுறீங்களே, இதுக்கு என்ன வழி?" என்று கேட்டார். அதனால்தான் பழைய குறிப்புகளைத் திரும்ப எடுத்தேன்.

வீரர் ஒப்பந்தம் என்றாலே நம்ம ஊரில் எல்லோரும் காட்டுவது ஒரே தீர்ப்பு. பெர்செப்ட் டி'மார்க் நிறுவனம் ஜாகீர் கான் மீது தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றம், 2006. கதை சின்னது. 2000-ல் ஜாகீர் மூன்று வருட விளம்பர ஒப்பந்தம் போடுகிறார். காலம் முடிந்த பிறகும் வேறு யாராவது வாய்ப்புத் தந்தால், அதை முதலில் பெர்செப்டிடம் காட்ட வேண்டும், அவர்கள் அதே தொகை தந்தால் அவர்களிடமே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. 2003 அக்டோபரில் காலம் முடிகிறது, ஜாகீர் குளோபோஸ்போர்ட் நிறுவனத்துக்குப் போகிறார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி தடை கொடுத்தார், அமர்வு அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம் அமர்வின் பக்கம் நின்றது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. காலம் முடிந்த பிறகு கட்டிப்போடும் பிரிவு நியாயமானதா இல்லையா என்ற கேள்வியே எழாது என்றது தீர்ப்பு.

"வீரர்களுக்கு விடுதலை தந்த தீர்ப்பு" என்று இதைப் பலரும் எழுதுகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் வாசித்தேன். இந்தப் பொண்ணை மனதில் வைத்துத் திரும்ப வாசித்தபோது வேறு மாதிரி தெரிந்தது.

முதல் குறை, இது காலம் முடிந்தவர்களுக்கான விடுதலை. காலத்துக்கு உள்ளே இருப்பவருக்கு வேறு கணக்கு. 1967-லேயே நிரஞ்சன் கோலிகாரி வழக்கில், வேலைக் காலத்துக்குள் போட்டி நிறுவனத்துக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற பத்திரத்தையும் ஏற்றது. ஆனால் அவர்கள் இருவரும் சம்பளம் வாங்கிய ஊழியர்கள். நம்ம பொண்ணு மாணவி. ஊழியருக்குச் சொன்ன நியாயத்தை மாணவிக்கு அப்படியே பொருத்தலாமா? ஜாகீர் தீர்ப்பில் இதற்குப் பதில் இல்லை, அந்த வழக்கில் அது கேள்வியாகவும் வரவில்லை. தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதுதான் என் குறை.

"17 வயசுல போட்ட கையெழுத்து செல்லாதுதானே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம். 1903-ல் பிரிவி கவுன்சில் மோஹரி பீபி வழக்கில், மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன் 1949-ன் ராஜ் ராணி வழக்கையும் பாருங்கள். ஒரு சிறுமிக்காக அவள் அப்பா ஒரு சினிமாத் தயாரிப்பாளரோடு நடிப்பு ஒப்பந்தம் போட்டார். தயாரிப்பாளர் ஒப்பந்தத்தை மீறினார். பம்பாய் உயர் நீதிமன்றமோ, மைனர் வாக்குறுதி செல்லாது, எனவே ஒப்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டது. சிறுமியைக் காக்க வந்த விதி அவளுடைய பாக்கியையே விழுங்கியது. இங்கேயும் அதே ஆபத்து உண்டு. உறுதிமொழி செல்லாது என்று நாம் வாதாடினால், "அப்ப நாங்க சொன்ன இலவச சீட்டும் செல்லாது" என்று அவர்கள் திருப்பிப் போடலாம்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ஜாகீரைப் பிடித்து வைத்தது காகிதத்தில் இருந்த ஒரு பிரிவு. அதை நீதிமன்றம் அடித்தால் அவர் போய்விடலாம். இவளைப் பிடித்து வைத்திருப்பது பீரோவில் இருக்கும் டி.சி. ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்று யாரும் நீதிமன்றம் போகவே தேவையில்லை. அடுத்த கல்லூரியில் சேரும் தேதி தாண்டினால் போதும், வழக்கு தானாக முடிந்துவிடும்.

இந்த இடத்தில் எனக்கு உபயோகமாகப் பட்டது கிரிக்கெட் வழக்கு இல்லை, செஸ் வழக்கு. அகில இந்திய செஸ் கூட்டமைப்பு, தன் அனுமதி இல்லாத போட்டிகளில் ஆடமாட்டேன் என்று வீரர்களிடம் உறுதிமொழி வாங்கி, மீறியவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. ஹேமந்த் சர்மாவும் வேறு சில வீரர்களும் வழக்குப் போட்டார்கள். 2018 ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம், இது ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி 6.92 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் சின்னதுதான். ஆனால் ஆணையம் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கையெழுத்துப் போட்டாரா என்பதோடு அது நிற்கவில்லை. அந்த வீரருக்குப் போக வேறு இடம் இருந்ததா என்று பார்த்தது. ஜாகீர் தீர்ப்பில் அந்தக் கேள்வி வரவில்லை, ஏனென்றால் ஜாகீருக்குப் போக இடம் இருந்தது.

அமெரிக்காவில் இதெல்லாம் இப்போது தலைகீழாக மாறியிருக்கிறது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 9-0 என்று கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம் என்றானது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கிடைத்து, ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடம் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றானது. அதே மாதம், தங்கள் வீரரைக் கலைத்துக் கூட்டிப்போனதாக விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மயாமி பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டது. நேற்று வரை "இவர்கள் வெறும் மாணவர்கள்" என்று சொன்னவர்கள், பணம் கொடுக்க ஆரம்பித்ததும் ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நம்ம பக்கம் பணம் கொடுக்காமலே ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள்.

அப்பாவிடம் நான் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து, எழுத்துமூலமாகக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இரண்டு, பணம் என்றால் அது தனி வழக்கு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி, எழுதிய தொகை முழுவதும் கிடைக்காது. அந்தத் தொகைக்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான், அதையும் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். சான்றிதழை அதற்கு அடமானமாக வைக்க முடியாது.

இதை எல்லாம் எழுதும்போது ஒரு கூச்சமும் இருக்கிறது. அந்தக் கல்லூரி அவளுக்கு ஒரு வருடம் சாப்பாடு போட்டது, பயிற்சி கொடுத்தது. அதற்கு ஈடு கேட்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கிற வழிதான் தப்பு.

அப்பா போன திங்கட்கிழமை கடிதத்தோடு போனார். வாங்கிக்கொண்டார்கள், முத்திரை போடவில்லை. "பிரின்சிபால் லீவு, வியாழக்கிழமை வாங்க" என்றார்களாம். இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த கல்லூரியில் சேர்க்கை முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.