எப்பிராயீமின் பிள்ளைகள்

ஹேர்பர்ட் ஆம்ஸ்ரோங்கின் ‘தீர்க்கதரிசனத்தில் அமெரிக்காவும் பிரித்தானியாவும்’ நூலுக்கு விலை கிடையாது. கேட்டவருக்கெல்லாம் அவரது உலகளாவிய தேவசபை அஞ்சலில் இலவசமாக அனுப்பியது. சிட்னியிலும் அதற்கு அலுவலகம் இருந்தது. காணாமற்போன இஸ்ரவேல் கோத்திரங்களின் வழித்தோன்றல்கள் ஆங்கிலேயரும் அமெரிக்கருமே என்பது நூலின் வாதம். அவுஸ்திரேலிய வெள்ளையரும் எப்பிராயீமின் பிள்ளைகளாம்! இந்நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு அந்த வம்சாவளியில் இடமேயில்லை. சூயஸும் சிங்கப்பூரும் பிரித்தானியர் கைக்கு வந்தது ஆபிரகாமுக்குக் கடவுள் கொடுத்த வாக்காம். காலனிக் கொள்ளைக்கு இதைவிட மலிவான பாவமன்னிப்பை நாம் வாசித்ததில்லை.

ஊழி பற்றிய அச்சமே இந்த இனக்கணக்கைச் சுமந்து திரிந்தது. 1956இல் வெளியான ‘தீர்க்கதரிசனத்தில் 1975’ என்ற பிரசுரத்தை நம்பிச் சேமிப்பையும் படிப்பையும் தள்ளிவைத்தவர்கள் உண்டு. 1975 வந்தது, போயிற்று. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையை அரசே 1973இல் கைவிட்டிருந்தது. சபையோ இனம்விட்டு இனம் மணப்பதைப் பாவமென்றே போதித்துக்கொண்டிருந்தது. (எம்மவரின் ‘மணமகள் தேவை’ விளம்பரங்களைப் படித்துப் பழகியவர்க்கு இது புதுமையாயிராது.)

ஆம்ஸ்ரோங் 1986இல் இறந்தார். 1995இல் புதிய தலைமை இக்கோட்பாட்டைக் கைவிட்டது. பிரிந்துபோன குழுக்கள் சில இன்றும் விடவில்லை. பொய்த்துப்போன ஆண்டை மறப்பது வெளியேறியவர்க்குச் சுலபம். இரத்தத்தைத் தரம்பிரித்துப் பார்க்கப் பழகிய கண்ணை மாற்றுவது அப்படியல்ல. 1996இல் சபை தன் சஞ்சிகையில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. போதகர் மறித்ததால் கலியாணத்தைக் கைவிட்ட 1970களின் இளைஞருக்கு அப்போது 40, 50 வயதாகியிருக்கும்.