பெருந்தொற்றுக் காலச் சொற்களில் தன்வினையும் பிறவினையும்

2020ஆம் ஆண்டின் முற்பகுதியில், கொரோனாத் தொற்றின் பொருட்டுத் தமிழில் புதியனவாகவும், பழையனவே புதுப்பொருள் பெற்றனவாகவும் வழங்கத் தொடங்கிய சொற்கள் ஒரு சிற்றகராதிக்குப் போதியன. அவற்றுட் சில அரசின் அறிவிப்புகளில் பிறந்தன. சில நாளிதழ்களிற் பிறந்தன. சில தெருவிற் பிறந்தன. அச்சொற்களை இலக்கணக் கண்கொண்டு நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும். கொரோனா என எழுதுவதா, கரோனா என எழுதுவதா என்னும் வழக்கு நாளிதழ்களுக்கு உரியது; அதனை அவற்றுக்கே விட்டுவிடுவோம்.

ஆய்வுக்கு நாம் கொள்ளும் நிலம் செங்கற்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும் ஆகும். காஞ்சிபுரத்தினின்று பிரிந்து 2019 நவம்பர் 29 அன்று செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. நான்கு திங்களும் நிரம்புமுன் அம்மாவட்டம் தன் எல்லைகளை அடைக்க வேண்டியதாயிற்று. புது மாவட்டத்துக்கு எல்லை எது என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

தமிழில் ஒருவகை வினைகள் மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிந்து பிறவினையாகும். அடங்கு, அடக்கு, முடங்கு, முடக்கு, ஒதுங்கு, ஒதுக்கு, நீங்கு, நீக்கு என்பன காண்க. விலகு என்பது ஒற்று இரட்டித்து விலக்கு என்றாகும். இவை மாணவர் முதலாண்டிலேயே பயிலும் செய்தி. ஆயினும் பெருந்தொற்றுக் காலத்துத் தலைமைச் சொற்கள் பெரும்பாலும் இவ்வினைகளினின்றே தோன்றின என்பது கருதத்தக்கது. செய்பவன் யார், செய்விப்பவன் யார் என்னும் வினா அச்சொற்களுக்குள்ளேயே இருக்கின்றது.

ஊரடங்கு என்பதை முதற்கண் எடுத்துக்கொள்வோம். ஊர் அடங்கும் நேரம் என இரவின் ஒரு பொழுதைச் சிற்றூர் மக்கள் குறிப்பர். அடுப்பு அவிந்து, பேச்சு ஓய்ந்து, ஊர் தானே அடங்குவது அது. சொல் தன்வினை, முதனிலைத் தொழிற்பெயர். மேலைநாட்டினர் கர்ஃபியூ என வழங்கும் சொல்லும் பழைய பிரெஞ்சு மொழியில் தீயை மூடு எனப் பொருள்பட்டதே என்பர். அடுப்பை நினைந்தே இரு மொழியும் சொல் கண்டிருப்பது வியப்பு. 2020 மார்ச்சு 22 அன்று மக்கள் ஊரடங்கு எனப்பட்ட ஒருநாட் கடைப்பிடிப்புக்கு இச்சொல் ஓரளவு பொருந்திற்று. மார்ச்சு 24 மாலை முதல் தமிழ்நாட்டிலும் மறுநாள் முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்ததோ ஊரடங்கு உத்தரவு. தானே அடங்குவதற்கு உத்தரவு எதற்கு? உத்தரவால் நிகழ்வது அடக்குதல் ஆகும். பிறவினைச் செயலுக்குத் தன்வினைப் பெயர் சூட்டப்பட்டது.

பின்னர் வந்த பொதுமுடக்கம் என்னும் சொல் இன்னும் நுட்பமானது. முடங்கு என்னும் தன்வினைக்கும் முடக்கம் என்பதே தொழிற்பெயர். அடங்கு என்பதற்கு அடக்கமும் தொடங்கு என்பதற்குத் தொடக்கமும் போல. ஆதலின் முடக்கம் எனக் கேட்பவன், ஊர் முடங்கியதா, முடக்கப்பட்டதா எனச் சொல்லைக்கொண்டு அறிய இயலாது.

அரசின் விழிப்புரை வாசகமாகிய ‘விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு’ என்பதைத் திறனாய்வாளர் எளிதில் தள்ளிவிடல் ஆகாது. வி, வி, வீ என மோனை அமைந்து, இரு என்பது மும்முறை இயைபாய் வந்து, ஒருமுறை கேட்டவன் மறவாதவாறு நிற்கின்றது. குறிக்கத்தக்க குறை ஒன்று உண்டு. விலகுதல் நீங்கற்பொருளது, ஐந்தாம் வேற்றுமையை அவாவி நிற்பது. எதனின்று விலகுவது, எவரினின்று விலகுவது என்பது வாசகத்தில் இல்லை. வீட்டிலிரு என்பதோ ஏழாம் வேற்றுமையை வெளிப்படக் கொண்டது. வீடு உண்டு என முன்னரே கொண்டுவிட்டது. அக்கோடையில் நம் வகுப்புகள் தொலைபேசி வாயிலாக நடந்தன. சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கடற்கரையூர் மாணவர் ஒருவர் இவ்வாசகத்தைப் பற்றிய பயிற்சியில், “ஐயா, எங்கள் வீட்டில் அறை ஒன்று, ஆட்கள் ஏழு பேர். யாரினின்று விலகுவது?” என வினவினார். வேற்றுமை உருபு எங்கே என்பதே அவர் வினாவும்.

இக்குறை சமூக விலகல் என்னும் மொழிபெயர்ப்பில் பெருங்கேடாயிற்று. இத்தொகையை விரிப்பார் சமூகத்தினது விலகல் எனவும் விரிக்கலாம், சமூகத்தினின்று விலகல் எனவும் விரிக்கலாம். ஊர் வேறு சேரி வேறு என வாழ்ந்த நாட்டில், ஊர்விலக்கு என்பது தண்டனைப் பெயராய் வழங்கிய நாட்டில், அத்தொகை எவ்வாறு விரிந்து கேட்கும் என்பதைச் சொல்லாக்கியோர் எண்ணிலர். உலக நலவாழ்வு நிறுவனமே 2020 மார்ச்சுத் திங்களில் சமூகம் என்னும் அடையை நீக்கி, உடலளவில் விலகியிருத்தலைக் குறிக்கும் தொடரை மேற்கொண்டது. தமிழில் சமூக இடைவெளி எனவும் தனிமனித இடைவெளி எனவும் திருத்தங்கள் வந்தன. பின்னது சாலச் சிறந்தது. எனினும் முன்னதே நிலைத்தது. தெருவினரோ இவற்றை விடுத்து ஆறடி என்றனர். அளவும் சொல்லப்பட்டது, ஆறடி நிலம் என்னும் பழைய அச்சமும் உடன் ஒலித்தது. அவ்வச்சம் எல்லை மீறியதும் உண்டு. தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாமல் 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு கூட்டம் தடுத்தது. அதன்பின் அத்தகைய தடையை மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கி மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. விலகு என்பது விலக்கு ஆக எத்துணை நாள் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு கணக்கு.

தனிமைப்படுத்தல் என்னும் சொல்லைப் பற்றியே நாம் மிகுதியாகக் கூற வேண்டியுள்ளது. மருத்துவர்க்கு இரு கருத்துகள் உண்டு. நோயுற்றவனை மற்றவரினின்று பிரித்து வைத்தல் ஒன்று. நோய் உண்டோ இல்லையோ என ஐயுறத்தக்கவனைச் சில நாள் ஒதுங்கியிருக்கச் செய்தல் மற்றொன்று. வெனிசு நகரத்தார் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைத்த வழக்கத்தினின்று பின்னதற்குப் பெயர் வந்தது. தமிழறிவிப்புகள் இரண்டையும் தனிமைப்படுத்தல் என ஒன்றாக்கின. படுத்து என்பது பிறவினை. தனிமைப்படுத்தப்பட்டார் என்பது அதன்மேற் செயப்பாட்டுவினை. தானே முன்வந்து பதினான்கு நாள் வீட்டினுள் இருந்தவனும் இவ்வொரு சொல்லால் நோயாளியாகவும் குற்றவாளியாகவும் தோன்றினான். வாயிலில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. சில தெருக்களில் தகரம் அடைக்கப்பட்டது. ‘தகரம் அடிச்சிட்டாங்க’ என்பது வழக்குத் தொடராகவே ஆயிற்று. உரிய அதிகாரியின் ஆணையின்றி நோயாளர் வீட்டு வாயிலில் அறிவிப்பு ஒட்டலாகாது என உச்சநீதிமன்றம் கூறியது 2020 டிசம்பரில். அதற்குள் தாள்கள் வெளிறியிருந்தன.

அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவது நம் பழைய வழக்கம். அதுவும் வாரற்க என்னும் அறிவிப்பே. அதனைச் செருகுவோர் அவ்வீட்டார். மாரியம்மன் விழாவுக்குக் காப்புக் கட்டியபின் ஊரைவிட்டுச் சென்று தங்கலாகாது என்னும் கட்டுப்பாடும் ஊரார் தமக்குத் தாமே இட்டுக்கொண்டது. நோயைத் தெய்வத்தின் வருகையாகக் கூறுவது நன்னூலார் கூறும் தகுதி வழக்குள் மங்கலத்தின்பாற் படும். 2020இல் அம்மங்கலம் தலைகீழாயிற்று. பாசிட்டிவ் என்னும் திசைச்சொல் ஆக்கப்பொருளது. ‘அவருக்குப் பாசிட்டிவாம்’ என்னும்போது குரல் தாழ்ந்தது. இதனை மங்கலம் என்பதா, ஆய்வகத்தாரின் குழூஉக்குறி என்பதா, இடக்கரடக்கல் என்பதா? மூன்றிலும் ஒரு கூறு உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஒதுக்கி வைக்கப்பட்டோரை இம்மாவட்டம் முன்னரே அறியும். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் தொடங்கிய தொழுநோய் இல்லம் 1955இல் நடுவணரசின் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாயிற்று. இன்று இம்மாவட்டத்ததாகிய தாம்பரத்தில் 1928இல் எழுந்த காசநோய் மருத்துவமனையால் சானடோரியம் என்பது ஊர்ப்பெயராகவும் புகைவண்டி நிலையப் பெயராகவும் நிலைத்தது. அப்பெயரில் நோயை இன்று எவரும் கேட்பதில்லை. குட்டரோகி என்னும் சொல்லை நீக்கித் தொழுநோயாளி என்னும் சொல்லை நிறுத்தப் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பை அறிந்த மண்ணிலிருந்தாவது புதுச்சொற்களைக் குறித்து ஒரு தடை எழுந்திருக்கலாம்.

கடற்கரைக்கு வருவோம். மீன்பிடித் தடைக்காலம் என்பது பட்டினவர்க்குப் பழகிய சொல். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுட் செல்லா. தொடக்கமும் முடிவும் முன்னரே தெரியும், நிவாரணமும் உண்டு, வலை பழுது பார்க்கும் பருவம் அது. 2020இல் தடைக்காலத்துக்கு முன்னரே ஊரடங்கு வந்துவிட்டமையின், நாட்டுப்படகினரும் கரையில் நின்றனர். ஏப்ரல் 10இல் மீன்பிடித்தலுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிடித்த மீனை ஏலம் விடக் கூட்டம் கூடலாகாது. தடைக்காலம் மே 31 வரை எனச் சுருக்கப்பட்டது. ஊரடங்கோ ஏப்ரல் 14, மே 3, மே 17, மே 31 என எல்லையைத் தள்ளிக்கொண்டே சென்றது. காலம் என்னும் ஈறு ஒரு சொல்லில் இருந்தமையும் மற்றொன்றில் இல்லாமையும் அக்கரையில் வெறும் இலக்கணச் செய்தி அன்று. மார்ச்சு 17 முதல் கோயில்களும் இரதங்களும் மூடப்பட்ட மாமல்லபுரத்தில் உளியோசையும் தளர்ந்தது. முந்திய அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்களை வரவேற்ற ஊர் அது. சூன் 19 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது மாவட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே அதனுட்பட்டது. ஒரே மாவட்டத்தில் அடங்கிய ஊரும் அடங்காத ஊரும் இருந்தன.

கலைச்சொல் தொகுப்போர்க்கு நாம் கூறுவது ஒன்று. நோயாளியைப் பொறுத்தவரை பிரித்துப் பேணல் எனலாம். பேணல் என்பதனால் செய்வோர் கடமை வெளிப்படும். ஐயத்துக்குரியோரைப் பொறுத்தவரை ஒதுங்கியிருத்தல் எனலாம். ஒதுங்கு என்பது நாளடைவில் ஒதுக்கு ஆகிவிடாதோ என உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் தடை எழுப்பினார். ஆகக்கூடும். எனினும் புயலின்போது அயலூர்க் கரையிற் படகு சேர்வதை மீனவர் ஒதுங்குதல் என்பர். அவ்வாறு ஒதுங்கியவரை எவரும் ஒதுக்கப்பட்டவர் எனக் கூறக் கேட்டிலம். காற்றுத் தணிந்ததும் அவர் படகைத் தள்ளிக்கொண்டு போவார்.