கற்பின் பின் களவு: 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் காதல்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் இருமொழி வீடுகளுக்குப் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' (2018–2023) தமிழிலும், அதன் மறுஆக்கமான 'வதினம்மா' தெலுங்கிலும் எட்டின. சிற்றூர் மளிகைக்கடைக் குடும்பத்தைக் களமாகக் கொண்ட இத்தொடரைக் குடும்பத்துடன் காணத்தக்கது என்பர். அத்தகுதி எதனால் வாய்த்தது? தொல்காப்பியம் களவியலைக் கற்பியலுக்கு முன் வைக்கும். தொடரிலும் ஜீவா–மீனா காதல் அம்முறையினதே. ஆயினும் பெரிதும் கொண்டாடப்பட்டது, மணத்திற்குப் பின்னர் அரும்பிய கதிர்–முல்லை காதலே. தாலி முந்திவிட்டதால், பாட்டியும் பெயர்த்தியும் ஒரே கூடத்தில் அமர்ந்து காணத் தடையில்லை. ஜீவாவுக்கென எண்ணப்பட்ட முல்லை, அவன் மீனாவை நாடியமையால் தம்பி கதிருக்கு மனைவியாகிறாள். தழுவல் காட்சிக்கு முகஞ்சுளிக்கும் கூடம் (நம் வீட்டுக் கூடமும்தான்) இக்கைமாற்றத்தைக் கண்கலங்கி ஏற்கிறது. அவள் விருப்பம் யாதென்னும் வினாவைப் பின்வரும் இனிமை மூடுகிறதேயன்றித் தீர்ப்பதில்லை.