விதையிலிருந்து விதைக்கு

சூசன் ஆஷ்வொர்த் எழுதிய 'சீட் டு சீட்' (1991, இரண்டாம் பதிப்பு 2002) வீட்டுத் தோட்டத்தில் விதை சேமிப்போருக்குத் தக்க துணைநூல். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' என்னும் அமைப்பு இதனை வெளியிட்டது. சுமார் 160 காய்கறிகள் தாவரக் குடும்பவாரியாக ஆராயப்படுகின்றன.

பூசணிப் பகுதி மிகச் சிறப்பானது. மறுநாள் மலரவிருக்கும் ஆண், பெண் மொட்டுகளை மாலையிலேயே நாடாவால் ஒட்டிவிட வேண்டும். காலையில் ஆண் பூவின் இதழ்களைக் களைந்து, மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பெண் பூவை மீண்டும் மூட வேண்டும். இவ்வளவு தொல்லை எதற்கு? அதே இனத்து அலங்காரப் பூசணி அருகில் இருந்தால், தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அன்று பறிக்கும் காயில் மாற்றம் தெரியாது. அதன் விதையில் முளைத்த கொடியோ கசப்புக் காய் தரக்கூடும். அக்கசப்புக்குக் காரணமான குக்கர்பிடசின் ஒரு நச்சு; சமைத்தாலும் போகாது. நாடா ஒட்டச் சோம்பற்படுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்!

குறையும் உண்டு. முட்டைக்கோசும் காரட்டும் பூக்கக் குளிர் தேவை. அவற்றைப் பனிக்காலத்தில் காக்கும் முறைகள் நம் சமவெளித் தோட்டக்காரருக்கு உதவா. இரண்டாம் பதிப்பில் சேர்த்த வட்டாரக் குறிப்புகளும் அமெரிக்காவைத் தாண்டவில்லை. நமக்கு வேண்டுவது, மழைக்காலத்து ஈரக்காற்றில் விதையை உலர்வாக வைத்திருக்கும் வழி. விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதையியலார் கணக்கு. கத்தரி, வெண்டை பயிரிடுவோர் அப்பக்கங்களை முதலில் புரட்டலாம்.