சாய்த்துப் பார்க்கும் கலை

கப்பல் வடிவமைப்பாளருக்கு எதற்கு இவ்வளவு கட்டணம் என்று கேட்பவர்கள் ஒருமுறை சாய்வுச் சோதனையைப் பார்க்க வேண்டும். கட்டி முடித்த கப்பலைக் காற்றடங்கிய நேரத்தில், அமைதியான நீரில் நிறுத்தி, கட்டுக்கயிறுகளைத் தளர்த்துவார்கள். உள்ளே நீளமான கம்பியில் ஒரு குண்டு தொங்கும். அதன் ஆட்டம் அடங்க, அடியில் எண்ணெய்த் தொட்டி. எடை தெரிந்த இரும்புக் கட்டிகளை மேல்தளத்தில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்தியதும் கம்பி சற்றே விலகும். அந்தச் சிறு விலகலையும் கப்பலின் வடிவக் கணக்கையும் வைத்து, கப்பல் கவிழாமல் நிற்பதைத் தீர்மானிக்கும் ஈர்ப்பு மையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார் வடிவமைப்பாளர். எத்தனை அழகான கணக்கு!

இந்தக் கணக்கு இல்லாத காலத்தில், ஸ்வீடனின் வாசா போர்க்கப்பலில் முப்பது பேரைக் குறுக்கே ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் சோதனையையே நிறுத்தினார்கள். ஆனாலும் அனுப்பினார்கள். 1628 ஆகஸ்ட் 10 அன்று, முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் அது மூழ்கியது. நிலைப்புத்தன்மைக்கான கணித விளக்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746இல்தான் வெளியிட்டார்.

இனி கட்டணத்துக்கு வருவோம். தயார் வரைபடம் வாங்கினால் செலவு குறைவு. புதிதாக வரையச் சொன்னால் கட்டுமானச் செலவில் குறிப்பிட்ட விழுக்காடாகவோ மணிக்கணக்கிலோ கட்டணம் கேட்பார்கள். படகு கட்ட நினைப்பவர்களே, அதில் பேரம் பேசிச் சாய்வுச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.