ஷெரெல்ஸ் பாட்டின் பலம் எது?

1961 ஜனவரி இறுதியில் 'வில் யூ லவ் மீ டுமாரோ' அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. இரண்டு வாரம் இறங்கவில்லை. பாடிய ஷெரெல்ஸ், நியூ ஜெர்சியின் பசாயிக் நகரத்துப் பள்ளித்தோழிகள் நால்வர். கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்தப் பட்டியலின் உச்சியைத் தொட்டது அதுவே முதல் முறை. பலரும் இந்தப் பெருமையைச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள். பாட்டுக்குள் போவதில்லை.

மெட்டமைத்த கரோல் கிங்குக்கு அப்போது வயது 18. வரிகள் அவர் கணவர் ஜெர்ரி காஃபினுடையவை. கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்ததே 1960-இல்தான். அந்தக் காலத்தில் ஒரு பெண், இன்றிரவு தன்னை விரும்புகிறவன் விடிந்த பிறகும் விரும்புவானா என்று வெளிப்படையாகக் கேட்கிறாள். சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்ததில் வியப்பில்லை. அவள் கெஞ்சவுமில்லை, தன்னை நொந்துகொள்ளவுமில்லை; ஒவ்வொரு சரணமும் அந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. வரிகளின் கட்டுக்கோப்பு அது.

ஆனால் பாட்டைத் தூக்கி நிறுத்துவது ஒலிப்பதிவு. முன்னணிப் பாடகி ஷெர்லி ஓவன்ஸுக்கு முதலில் இது கண்ட்ரி பாட்டாகப் பட்டது; பாடத் தயங்கினார். தயாரிப்பாளர் லூதர் டிக்சன் விடவில்லை. தந்தி வாத்தியங்களுக்குக் கிங்கே இசைக்கோவை எழுதினார். அவை குரலுக்கு மெத்தை விரிப்பதோடு நிற்காமல் தாளத்தையும் உந்தித் தள்ளுகின்றன. அதன்மேல் ஓவன்ஸ் கமகமோ விம்மலோ இல்லாமல், கிட்டத்தட்டப் பேசுவதுபோலப் பாடுகிறார். அடியில் அவசரம், மேலே அடக்கம்: இந்த இழுபறிதான் பாட்டின் உயிர். குறையும் உண்டு. நடுவில் குரல் விலகி வயலின்கள் தனித்து வரும் இடம் வெறும் அலங்காரம். கேள்வியின் கூர்மை அங்கே சற்று மழுங்குகிறது.

1971-இல் 'டேப்பஸ்ட்ரி' தொகுப்புக்காகக் கிங் இதே பாட்டைப் பியானோவோடு நிதானமாகப் பாடினார். முதிர்ச்சி அதில்தான் என்பார் பலர். முதிர்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பதில் முன்பே தெரிந்துவிட்டது. ஓவன்ஸின் குரலுக்குத் தெரியாது, இரவோ ஓடிக்கொண்டிருக்கிறது. கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவைத்த 1960-ஆம் ஆண்டுப் பதிவே உயர்ந்தது.