காட்சிக்கூடத்தில் கொம்புமுறி

திருகோணமலைத் துறைமுகத்தருகே, ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் 2013 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அருங்காட்சியகம் கடலின் வரலாற்றைக் கூறுவது. கிழக்கிலங்கை விளையாட்டுக்களுக்கும் அத்தகைய கூடமொன்று வேண்டுவதே. ஆயின் எதனைக் காட்டுவது?

பல்லாங்குழிப் பலகையை வைக்கலாம். ஈரேழு குழிகளும் ஆட்டத்தை ஒருவாறு உணர்த்திவிடும். கண்ணகி வழிபாட்டோடு இயைந்த கொம்புமுறியோ அத்தகையதன்று. வடசேரி, தென்சேரி எனப் பிரிந்தோர் இரு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி இழுப்பர். முறிந்த கொம்புக்குரியோர் தோற்றோராவர். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தின்பொருட்டு ஆடும் அங்கெலியவும் இதனோடு ஒத்ததே. (இரு மக்களும் வேறுவேறென்றே பேசுவோர் இதனை நோக்குவாராக!) பழுதற்ற கொம்பொன்றைக் கண்ணாடிப் பேழையுள் வைத்து அழகு பார்ப்பது ஆட்டத்தையே பொய்யாக்குவதாகும். முறிந்த கொம்பே வைத்தற்குரியது. அதனருகே இழுத்த கயிறும், வென்றோர் பாடும் வசைப்பாடல்களின் ஒலிப்பதிவும் இருத்தல் வேண்டும்.